விதானைக்குக் கடைசித் தண்ணீர்

நான் இரண்டு பொய் சொன்னேன். ஒன்று எங்கள் வட்டைக் கூட்டத்தில். மற்றது ஆஸ்பத்திரியில், நோயாளியைச் சேர்த்துக்கொள்ளும் மேசைக்கு முன்னால். இரண்டும் ஒரே பொய்தான். இப்போது மூச்சு ஓரளவு திரும்பியிருக்கிறது. கிணற்றடிக்குப் போய் வந்தால் கட்டிலில் சாய வேண்டிய தேவை இல்லை. அப்படியொரு நாள் வந்ததும் இதை எழுதிவிட வேண்டுமென்று வைத்திருந்தேன்.

முதலில் வட்டை என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் வயல்பரப்பு முழுவதையும் எங்கள் பக்கத்தில் வட்டை என்போம். எங்களுக்கு உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர். அதை முறை வைத்துப் பங்கிட, வயல்காரர்கள் தங்களுக்குள் ஒருவரைத் தெரிவுசெய்வார்கள். அவர் வட்டை விதானை. விதைப்புக்குக் கடைசி நாள், தண்ணீர் திறக்கிற நாள், மாடுகளை அப்புறப்படுத்துகிற நாள், அறுவடை வெட்டுத் தொடங்குகிற நாள் எல்லாம் அவர் வாயால் வரும். ஒருவன் தன் வசதிக்கு ஒரு நாளில் விதைத்தால் பக்கத்து வயல்காரனுக்குக் கேடு. ஆகையால் எங்கள் ஆட்களுக்கு எதையும் எல்லோருமாக ஒரே நாளில் செய்துதான் பழக்கம். விதானைக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. அவருடைய வயலுக்குக் கடைசியாகத்தான் தண்ணீர் போக வேண்டும்.

பாடசாலை அதிபராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு பதினொரு வருடம் நான் விதானையாக இருந்தேன். ஒரு போகத்திலும் என் வயல் முந்தியதில்லை. தண்ணீர் குறைந்த வருடங்களில் என் நெல் பாதி மணி பிடிக்காமல் சாவியாய்ப் போயிருக்கிறது. அதைப் பற்றி எனக்குள் ஒரு பெருமை இருந்தது. அந்தப் பெருமை இந்தக் கதைக்கு வேண்டியிருக்கிறது.

கொரோனாவின் இரண்டாம் வருடம், சிறுபோக நெல் பழுக்கத் தொடங்கிய நேரம், ஒரு காணிப் பத்திரத்துக்காக டவுனில் கச்சேரிக்கு, மாவட்டச் செயலகத்துக்கு, போக வேண்டி வந்தது. மகள் வசந்தி அங்கே டவுனுக்குள், புளியந்தீவில் இருக்கிறாள். அவள் வீட்டில் தங்கினேன். அறுபதுக்கு மேற்பட்டவர்களுக்கு அங்கே தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தார்கள். "அப்பா, வந்ததுக்குப் போட்டிட்டுப் போங்க" என்று அவளே கூட்டிப்போய் வரிசையில் நிறுத்தினாள். போட்டார்கள். ஒரு சிறிய அட்டையில் பெயரும் திகதியும் எழுதித் தந்தார்கள். அடுத்தது நாலு கிழமையால், இருபத்தெட்டு நாள் கழித்து என்றார்கள். அன்று பின்னேரமே உடம்பு காய்ந்தது. இரண்டு நாள் மகள் வீட்டில் படுத்திருந்துவிட்டு ஊருக்கு வந்தேன். மனைவி யோகம்மாவிடம் மட்டும் சொன்னேன்.

வந்து மூன்றாம் நாள் குடும்பநல மருத்துவிச்சி, நாங்கள் மிட்வைஃப் மிஸ் என்று சொல்கிறவர், ஸ்கூட்டரை வாய்க்கால் கட்டின் மேல் நிறுத்திவிட்டு என்னிடம் வந்தார்.

"சேர், வாற வியாழன் பள்ளிக்கூடத்தில ஊசி. அறுபதுக்கு மேல உள்ள ஆக்கள் முதல். நீங்க ஒரு சொல்லுச் சொன்னாப் போதும், வட்டையே வந்திரும்."

"வெட்டு மெஷின் வாற கிழமை மிஸ். பயணத்தடைக்குள்ள அஞ்சு நாளைக்குத்தான் பாஸ் எடுத்திரிக்கான். ஊசி போட்டுட்டு எல்லாரும் காய்ச்சல்ல படுத்தா ஆர் நெல்லப் பாக்கிறது? ஒரு கிழமை தள்ளேலாதா?"

"மருந்து என்ட கையிலயா சேர் இரிக்கு? பட்டியல்படி வரும். இஞ்ச ஆள் இல்லாட்டி மற்ற ஊருக்குப் போயிரும். மறுகா எப்ப வரும் எண்டு எனக்கும் தெரியா."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அன்று பின்னேரம் வாய்க்கால் ஓரத்து மருத மரத்தின் கீழ் கூட்டம் வைத்தோம். மெஷின் எந்த வயலில் தொடங்கி எப்படிப் போவது என்று பேசி முடிந்ததும் ஊசியைப் பற்றிப் பேச்சு வந்தது. முன்னால் குந்தியிருந்தவர் தம்பிராசா. என் மனைவியின் தமையன். என் தங்கை பூரணத்தின் புருஷன். இரு வீட்டுக்கும் மாற்றுச் சம்பந்தம். எங்கள் வயல்களுக்கு நடுவில் ஒரு வரம்புதான். இருபது வருடமாக நீரிழிவுக்காரர். தேத்தண்ணீருக்குச் சீனி வேண்டாமென்று சொல்லிவிட்டுக் கற்கண்டை வாயில் போடுகிற ஆள்.

"விதானையார், நீங்க போட்டாச்சா? ஒரு கிழமையா டவுன்ல கிடந்தீங்களே" என்று கேட்டார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "இல்ல. நானும் இன்னும் போடல்ல" என்றேன். "மெஷின் போகட்டும். எல்லாரும் ஒரே நாளையில போடுவம்."

"அப்ப சரி. விதானையாருக்கே கடைசி எண்டா நமக்கென்ன அவசரம்?" என்றார் தம்பிராசா. சிரித்தார்கள். கூட்டம் கலைந்தது.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று ஆஸ்பத்திரியில் படுத்திருந்து பலமுறை கேட்டுப் பார்த்தேன். நான் போட்டுவிட்டேன் என்று சொன்னால், "உனக்குப் போட்டுட்டு எங்களை நிக்கச் சொல்றியா" என்று ஒருவனாவது கேட்பான். நெல் ஒரு காரணம். பதினொரு வருடப் பெயர் அதைவிடப் பெரிய காரணம். உடம்பு நோயை எப்படி அடையாளம் கண்டு வைத்துக்கொள்கிறது, தடுப்பூசி அந்த அடையாளத்தை எப்படி முன்கூட்டியே காட்டிக்கொடுக்கிறது என்று முப்பது வருடம் கரும்பலகையில் படம் போட்டுக் காட்டியவன் நான். தெரியாமல் செய்த பிழை என்று சொல்லக்கூட எனக்கு வழியில்லை.

வியாழக்கிழமை பள்ளிக்கூடத்தைக் கடந்து போனேன். வேலி வழியே பார்த்தேன். மண்டபத்தில் கதிரைகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். ஏழு பேர் வந்திருந்தார்கள். மத்தியானம் அவர்கள் மருந்துப் பெட்டியை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மிட்வைஃப் மிஸ் என்னைக் கண்டார். ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு வாகனத்தின் பின்னால் போனார்.

அந்தக் கிழமை மெஷின் வரவில்லை. பயணத்தடையில் எங்கேயோ மறித்துவிட்டார்கள். பதினாறு நாள் பிந்தி வந்தது. எனக்கு இரண்டாவது ஊசிக்கு நாள் வந்தபோது வெட்டு நடந்துகொண்டிருந்தது. டவுனுக்குப் போக ஒரு காரணம் சொல்ல வேண்டும், போகவில்லை. வயல் வாடிக் குடிசையில் எல்லோரும் சேர்ந்து சமைத்து, சேர்ந்து உண்டோம். முகக்கவசங்கள் வாடிக் கம்பில் தொங்கின.

வெட்டு முடிந்து நான்காம் நாள் தம்பிராசாவுக்கு இருமல். "நெல்லுத் தூசு" என்றார். மறுநாள் எனக்கும். மூக்குக்குள் குச்சி விட்டு எடுத்த சோதனையில் இருவருக்கும் இருந்தது. யோகம்மாவுக்கும் இருந்தது, ஆனால் சளித் தடிமனோடு நின்றது. பூரணத்துக்கு இல்லை. இரண்டு வீட்டு வாசலிலும் அறிவித்தல் ஒட்டினார்கள். மூன்றாம் நாள் தம்பிராசாவால் பேச்சை முடிக்க முடியவில்லை. பாதியில் மூச்சு எடுத்தார். அம்புலன்ஸ் வந்தது. என்னையும் சேர்த்து ஏற்றினார்கள். வேலிக்கு உள்ளே நின்று பூரணம் கத்திச் சொன்னாள்: "அண்ணன், அவரப் பாத்துக்கொள்ளுங்க. சீனி கேட்டாக் குடுத்திராதீங்க!"

ஆஸ்பத்திரி மேசையில் இருந்த தாதியின் கண் மட்டும்தான் தெரிந்தது. உடம்பு முழுக்கப் பிளாஸ்டிக். தம்பிராசாவைத் தள்ளுவண்டியில் வைத்திருந்தார்கள். நான் பக்கத்தில் கதிரையில்.

"இவருக்கு ஊசி போட்டதா?"

"இல்ல மிஸ்" என்றார் தம்பிராசா. "விதானையார் நாள் வைக்கல்ல."

"ஐயா, உங்களுக்கு?"

என் கைக்கு எட்டுகிற தூரத்தில் தம்பிராசா இருந்தார். நான் "இல்ல" என்றேன். தாதி எழுதிக்கொண்டார்.

எங்களுக்குப் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். விரல் நுனியில் ஒரு சிறிய கருவியைக் கவ்வவிட்டார்கள். இரத்தத்தில் ஒட்சிசன் எவ்வளவு இருக்கிறதென்று அது இலக்கமாகக் காட்டும். சுகமான ஆளுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் இருக்க வேண்டும். எனக்குத் தொண்ணூற்றொன்று, தம்பிராசாவுக்கு எண்பத்துநாலு. முகத்தில் ஒட்சிசன் மூடியைக் கட்டினார்கள். நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தார்கள். நுரையீரல் கறுப்பாகத் தெரிய வேண்டிய படத்தில் என்னுடையதில் அங்கங்கே வெள்ளை. அவருடையதில் அநேகமாக எல்லாம் வெள்ளை. இரத்தம் உறையாமல் இருக்க வயிற்றில் ஊசி. வீக்கத்தைத் தணிக்க ஒரு மருந்து. அந்த மருந்து இரத்தத்தில் சீனியை ஏற்றும் என்பதால் அவருக்கு நாலு வேளையும் விரலில் குத்திப் பார்த்தார்கள். கற்கண்டு தின்னாமலே ஏறியது. "இவ்வளவு காலமும் திண்டதெல்லாம் இப்ப கணக்குக் காட்டுது" என்றார்.

பிறகு குப்புறப் படுக்கச் சொன்னார்கள். முதுகுப் பக்கத்து நுரையீரலுக்கும் காற்றுப் போவதற்காம். மணிக்கணக்காக அப்படிக் கிடந்தால் கழுத்து மரத்துவிடும். என் முகத்தை அவர் பக்கமும் அவர் முகத்தை என் பக்கமும் திருப்பிவைத்துவிட்டுப் போவார்கள். அறுபது வருடம் ஒரே ஊரில் இருந்தோம். அந்த முகத்தை அவ்வளவு நேரம் நான் பார்த்ததில்லை.

அந்த நாட்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பயம் எல்லா நேரமும் இருக்கவில்லை, களைப்புத்தான் இருந்தது. தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திறக்கலாமா வேண்டாமா என்று கால் மணித்தியாலம் யோசிப்பேன். யாரையாவது துணி சுற்றி வெளியே தள்ளிக்கொண்டு போனால் சக்கரத்தின் சத்தம் மட்டும் கேட்கும். தலை தூக்கிப் பார்க்கப் பெலன் இல்லை. அரசாங்க ஆஸ்பத்திரி என்பதால் மருந்துக்கும் கட்டிலுக்கும் கைக்காசு தேவைப்படவில்லை. அது எவ்வளவு பெரிய உதவி என்று படுத்துக் கிடக்கும்போதுதான் தெரிந்தது.

வசந்தி ஒவ்வொரு நாளும் காலையில் வாசல்வரை வந்து இரண்டு சுடுதண்ணிப் போத்தலில் கஞ்சி கொடுத்துவிட்டுப் போவாள். ஒவ்வொன்றிலும் வெள்ளை ஒட்டுத்தாள் ஒட்டி, ஒன்றில் "அப்பா" என்றும் மற்றதில் "மாமா" என்றும் எழுதியிருப்பாள். அதைக் கொண்டுவருகிற சிற்றூழியர் எங்களைத் தூக்கி இருத்திவிட்டு, மூடியைத் திறந்து, ஆறும்வரை விசிறிவிட்டுக் கொடுப்பார். அவர் எந்த ஊர், என்ன பெயர் என்று நான் கேட்கவில்லை. இன்றைக்கும் அது உறுத்துகிறது.

ஐந்தாம் நாள் மத்தியானம் தாதி ஒரு கடதாசியோடு என் கட்டிலுக்கு வந்தார்.

"ஐயா, உங்கட மகள் குடுத்துவிட்டவ. இது உங்கட ஊசிக் காட்டுத்தானே? நீங்க போடல்ல எண்டெல்லோ எழுதிக் கிடக்கு?"

வசந்திக்கு ஒன்றும் தெரியாது. ஊசி போட்ட அன்று எடுத்து வைத்த அட்டையின் பிரதியை, வைத்தியருக்கு உதவும் என்று நினைத்து அனுப்பியிருக்கிறாள். நான் குப்புறக் கிடந்தேன். தம்பிராசாவும் குப்புறத்தான், முகம் என் பக்கம்.

"ஏன் ஐயா சொல்லல்ல? இதெல்லாம் மறைக்கிற விஷயமா?"

தம்பிராசா கையைத் தூக்கி, மூடியைக் கொஞ்சம் விலத்தினார். "மிஸ், அதில திகதி என்ன போட்டிரிக்கு?"

தாதி வாசித்தார். தம்பிராசா கண்ணை மூடிக்கொண்டார். நாள் கணக்குப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. மருத மரத்துக் கூட்டம் எப்போது, நான் டவுனில் நின்றது எப்போது. பிறகு கண்ணைத் திறந்தார்.

"விதானையார் முந்திப் பாய்ச்சிட்டார்" என்றார்.

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலாகியது. விரல் கருவியில் இலக்கம் மளமளவென்று இறங்கியது. தாதி ஓடிவந்து மூடியைச் சரியாகக் கட்டி, "பகிடியெல்லாம் வீட்ட போய் விடுங்க" என்று எங்கள் இருவரையும் ஏசினார். நான் சிரிக்கவில்லை என்பது அவருக்குத் தெரியவில்லை.

தம்பிராசா முகத்தை மறுபக்கம் திருப்பச் சொன்னார், திருப்பினார்கள். தேத்தண்ணீர் நேரத்தில் மீண்டும் என் பக்கம் திரும்பினார்.

"மச்சான்."

"ஓம்."

"பூரணத்திட்டச் சொல்லிராத."

"ஏன்?"

"அவளுக்கு நீ ஒரே அண்ணன்தானே." மூச்சு எடுத்தார். "நான் சுகமாகி வந்து சொல்றன். கூட்டத்தில வச்சுச் சொல்றன். மருத மரத்துக்குக் கீழ, எல்லாரும் இரிக்கக்குள்ள. உன்ட மூஞ்சயப் பாக்கோணும்."

அது மன்னிப்பா, ஏச்சா என்று நான் கேட்கவில்லை. இரண்டும் இருந்திருக்கும்.

அடுத்த நாள் காலை அவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். மூச்சைத் தானே இழுக்க முடியாதவர்களுக்கு இயந்திரம் இழுத்துக் கொடுக்கிற இடம் அது. போகும்போது கையை ஆட்டினார். வசந்தி தொடர்ந்து இரண்டு போத்தல்தான் அனுப்பினாள். மாமாவுக்குக் கஞ்சி குடிக்க முடியாது என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை, அல்லது சொல்லியும் அவள் விடவில்லை. மற்றப் போத்தலை அந்தச் சிற்றூழியர் மேலே கொண்டுபோவதுபோல எடுத்துக்கொண்டு போவார். நாலாம் நாள் ஒரு போத்தல்தான் வந்தது. அதில் "அப்பா" என்று எழுதியிருந்தது. சிற்றூழியர் மூடியைத் திறக்காமல் சற்று நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

நான் வீட்டுக்குப் போகிற நாளில் வைத்தியரிடம் கேட்டேன். இளம் ஆள், அவருக்கும் கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுந்திருந்தது.

"டொக்டர், அவர் ஊசி போட்டிருந்தா?"

"போட்டவங்களும் இஞ்ச படுத்திருக்கிறாங்க ஐயா. ஆனா இந்த அளவுக்கு மோசமாகி மேல ஐ.சி.யூவுக்குப் போறது அவங்களில குறைவு. உங்கட மச்சானுக்கு என்ன நடந்திருக்கும் எண்டு என்னால சொல்லேலாது. உங்களுக்கும் ஒண்டுதான் போட்டது. அது எவ்வளவு காப்பாத்தினது எண்டும் சொல்லேலாது."

"சொல்லேலாது" என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு சில நாள் படுத்திருந்தேன். உண்மைதான், யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அவருக்குக் கிடைக்க இருந்த ஒரு வாய்ப்பை நான் இல்லாமல் செய்தேன். அதைச் சொல்ல வைத்தியர் தேவையில்லை.

தம்பிராசாவின் உடலை ஆஸ்பத்திரிக்காரர்களே தகனம் செய்தார்கள். சாம்பல் மட்டும் வீட்டுக்கு வந்தது. முப்பத்தோராம் நாள் கிரியைக்கு ஐந்து பேர்தான். பூரணம் எனக்கு முதலில் சோறு போட்டாள். "நீங்களாவது தப்பி வந்தீங்களே அண்ணன்" என்றாள். நான் சோற்றை ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்தேன். கொரோனாவுக்குப் பிறகு ருசி தெரியவில்லை என்று சொன்னேன். அதுவும் பாதிப் பொய்.

இதற்கிடையில் ஊர் மாறியிருந்தது. நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மீண்டும் மருந்து வந்ததாம். இந்த முறை யாரும் விதானையைக் கேட்கவில்லை. விடியவே போய் வரிசையில் நின்றார்களாம். தனிமைப்படுத்தலில் இருந்த எங்கள் இரண்டு வீட்டாரும் போகவில்லை. தனிமைப்படுத்தல் முடிந்த பிறகும் பூரணம் போகவில்லை. பிறகொருநாள் மிட்வைஃப் மிஸ் என் வீட்டுக்கு வந்தார்.

"சேர், பூரணமக்கா ஊசிக்கு வரமாட்டாவாம். பிரஷர் ஆள், வயசும் அறுபத்தாறு. எவ்வளவு சொல்லியும் கேக்கிறா இல்ல. 'அவரும் அண்ணனும் ஒரே நாளையில போடுறதெண்டுதான் இரிந்தவங்க. அவர் போயிட்டார். அண்ணன் போடாம நான் முந்தமாட்டன்' எண்டு சொல்றா. இப்ப நீங்களும் போடலாம். புதன்கிழமை வாங்க. அவவையும் கூட்டி வாங்க."

என்னிடம் வழி ஒன்று இருந்தது. மூன்றாவதாக ஒரு பொய். இவ்வளவு எழுதிவிட்டு அதை மட்டும் மறைக்கக்கூடாது.

"மிஸ், எனக்குப் புதுசா ஒரு காட்டு எழுதேலாதா? முதலாவது ஊசி எண்டு?"

அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "டவுன்ல போட்டாக்களின்ட பட்டியல் எங்களுக்கும் வரும் சேர். அண்டைக்குக் கூட்டத்தில நீங்க சொன்னது அடுத்த நாளே என்ட காதுக்கு வந்திட்டு. பட்டியல் மேசையிலதான் கிடந்தது." ஸ்கூட்டர் சாவியைக் கையில் எடுத்தார். "நானும் அண்டைக்கு வாய் திறக்கல்ல. பெரிய மனுசன் எண்டு நினைச்சன். இனிமே அப்பிடி நினைக்கேலா. பழைய காட்டோட வாங்க."

புதன்கிழமை பூரணத்தைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். நான் அதிபராக இருந்த மண்டபம். வட்டை ஆட்கள் அநேகம் பேர் இரண்டாவது ஊசிக்கு வந்திருந்தார்கள். எழும்பி எனக்கு இடம் விட்டார்கள். எங்களுக்கு இலக்கத் துண்டு தந்தார்கள். எனக்கு நாலு, பூரணத்துக்கு ஐந்து. வயதானவர்கள் என்று முன்னுக்குப் போட்டிருக்கிறார்கள்.

சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து அவள் மடியில் வைத்தேன். அவள் கண்ணாடி போட்டு வாசித்தாள். ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். திகதி வாசிக்க அது போதும்.

"இது ஆர்ட?"

"என்ட."

மீண்டும் வாசித்தாள். "கூட்டத்தில நானும் போடல்ல எண்டு சொன்னது?"

"பொய்."

மண்டபத்தில் யாரோ இலக்கம் கூப்பிட்டார்கள். ஒன்று. ஒருவர் எழும்பிப் போனார்.

"அவருக்குத் தெரியுமா?"

"ஆஸ்பத்திரியில தெரியும்."

"என்ன சொன்னார்?"

சொன்னேன். விதானையார் முந்திப் பாய்ச்சிட்டார் என்று சொன்னதையும், சுகமாகி வந்து கூட்டத்தில் வைத்துச் சொல்லப்போவதாகச் சொன்னதையும், அவளிடம் சொல்ல வேண்டாமென்று சொன்னதையும். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்தினாள். நாற்பத்திரண்டு வருடம் அந்த மனிதனின் பகிடிக்குச் சிரித்துப் பழகிய வாய் அது. பிறகு முந்தானை கண்ணுக்குப் போனது. நான் அவள் தோளைத் தொடப் போனேன். கையைத் தட்டிவிட்டாள்.

"நாலு" என்று கூப்பிட்டார்கள். நான் எழும்பும் முன் அவள் எழும்பிவிட்டாள். என் அட்டையையும் என் இலக்கத் துண்டையும் எடுத்துக்கொண்டு மேசைக்குப் போனாள்.

"மிஸ், இவர இப்ப கூப்பிடாதீங்க. இஞ்ச வந்திரிக்கிற எல்லாருக்கும் போட்டு முடிய, கடைசியாப் போடுங்க."

"ஏன் பூரணமக்கா? சேருக்கு என்ன?" என்று பின் வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான்.

"அவர் சொல்லுவார்" என்றாள். கையை நீட்டிக்கொண்டு கதிரையில் இருந்தாள். ஊசி ஏறும்போது என்னைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தாள்.

எழும்பி நின்றேன். இருபது வருடம் காலைக்கூட்டத்தில் பேசிய இடம். மூச்சு எடுத்து எடுத்துச் சொன்னேன். எந்த நாள் போட்டேன், எந்த நாள் இல்லையென்று சொன்னேன், ஏன் சொன்னேன். தம்பிராசா சொன்னதையும் சொன்னேன். அது அவர் சொல்ல வைத்திருந்த கதை. நான் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. இனி நான் விதானை இல்லை என்றும் சொன்னேன். ஒருவரும் மறுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் "ஐந்து" என்று கூப்பிட்டார்கள். அந்த இலக்கக்காரிக்கு முன்னமே போட்டாயிற்று என்று சொல்ல, ஆறைக் கூப்பிட்டார்கள்.

காலை ஒன்பது மணிக்குப் போனவன் பின்னேரம் மூன்று மணிவரை அந்தக் கதிரையில் இருந்தேன். ஆட்கள் வந்தார்கள், போட்டார்கள், அரை மணித்தியாலம் இருந்தார்கள், போனார்கள். சிலர் என்னோடு பேசினார்கள். சிலர் பேசவில்லை. கடைசி ஆளும் போன பிறகு மிட்வைஃப் மிஸ் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அட்டையில் இரண்டாவது கோட்டில் திகதியை எழுதினார்.

வெளியே வந்தபோது பூரணம் வேப்பமரத்தின் கீழ் வாங்குப் பலகையில் இருந்தாள். அவளுக்கான அரை மணித்தியாலம் எப்போதோ முடிந்திருந்தது. என்னைக் கண்டதும் எழும்பி, வாய்க்கால் கட்டு வழியே வீட்டுக்கு நடந்தாள். என்னால் வேகமாக நடக்க முடியாது. பத்து எட்டு நடந்ததும் அவள் நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை. நான் கிட்ட வரும்வரை நின்றுவிட்டு மீண்டும் நடந்தாள். வீடு வரை அப்படித்தான் போனோம், அவள் முன்னால், நான் பின்னால்.